உளப்பிறழ்வின் தொடக்கத்தில் குடும்பத்தார் உதவி தேடும் முறை

இல்லாத குரல் கேட்பது, நடக்காததை நடப்பதாக உறுதியாக நம்புவது என்று, மெய் எது என்பதைப் பிரித்தறிய முடியாமற்போகும் நிலையே மருத்துவர்கள் சைக்கோசிஸ் என்று குறிப்பிடும் உளப்பிறழ்வு. அது பெரும்பாலும் பதின்பருவத்தின் பிற்பகுதியிலோ இருபதுகளிலோ தலைகாட்டுகிறது. அது ஒரே நாளில் வந்துவிடுவதில்லை. படிப்பில் கவனம் குறைவது, நண்பர்களைத் தவிர்ப்பது, இரவெல்லாம் விழித்திருப்பது, குளிக்காமல் அறைக்குள்ளேயே அடைந்து கிடப்பது என்று மெல்லத் தொடங்குவதால், வயதுக் கோளாறு என்றோ சோம்பல் என்றோ வீட்டார் எண்ணிக்கொள்வதில் வியப்பில்லை. ஆனால் யாருமில்லாத அறையில் யாருக்கோ பதில் சொல்வதையும், தொலைக்காட்சியில் தம்மைப் பற்றியே பேசுகிறார்கள் என்று நம்புவதையும், வீட்டாரே தமக்கு எதிராகச் சதி செய்வதாக அஞ்சுவதையும் கண்ட பின்னர், தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருக்கக் கூடாது.

சிகிச்சையின்றிக் கழியும் காலம் நீள நீள, குணமடைவது கடினமாகிறது. தொடக்கநிலை உளப்பிறழ்வுக்கென்றே 1992இல் மெல்பர்ன் நகரில் தனி மையம் உருவானதற்கும், பரிந்துரைக்கப்பட்டவர்களில் குறைந்தது பாதிப் பேருக்காவது இரண்டு வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்று 2016இல் இங்கிலாந்து இலக்கு வைத்ததற்கும் இதுவே காரணம். நோயின் பெயர் உறுதியாகத் தெரிந்த பிறகு மருத்துவரிடம் போகலாம் என்று நினைக்க வேண்டாம். பெயரைக் கண்டறிவது அவருடைய வேலை, கண்டதைச் சொல்வதே உங்களுடைய வேலை.

ஆகவே முதலில் ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றம் எப்போது தொடங்கியது, தூக்கம் எத்தனை மணி நேரம், என்ன சொன்னார், என்ன செய்தார் என்பவற்றை நாளிட்டு, அவர் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள். ‘வினோதமாக நடந்துகொள்கிறான்’ என்று எழுதுவதைவிட, ‘செவ்வாய் இரவு மூன்று மணிக்கு, கண்காணிப்புக் கருவி இருப்பதாகச் சொல்லி மின்விசிறியைக் கழற்றினான்’ என்று எழுதுவது மருத்துவருக்குப் பன்மடங்கு பயன்படும். கஞ்சாவோ வேறு போதைப்பொருளோ பயன்படுத்தியிருந்தால், அவமானம் கருதி அதை மறைக்காதீர்கள்.

மிகக் கடினமான பகுதி அவரோடு பேசுவதுதான். அவருக்குக் கேட்கும் குரல், உங்கள் குரலைப் போலவே அவருக்கு மெய்யானது. தமக்கு நோய் இருப்பதை உணர முடியாமற்போவது இந்நோயின் ஒரு கூறே தவிர, அது பிடிவாதம் அன்று. எனவே ‘அப்படியெல்லாம் ஒன்றுமில்லை’ என்று வாதிட்டு வெல்ல முயல்வதால் நம்பிக்கைதான் அறும். அதற்காக, இருப்பதாக ஒப்புக்கொண்டு நடிக்கவும் வேண்டாம். ‘எனக்கு அந்தக் குரல் கேட்கவில்லை, ஆனால் நீ எவ்வளவு பயந்திருக்கிறாய் என்று தெரிகிறது’ என்று சொன்னால் பொய்யும் இல்லை, சண்டையும் இல்லை. பிறகு, அவரே ஒப்புக்கொள்ளும் துன்பம் ஒன்றைப் பற்றிக்கொள்ளுங்கள். நோய் என்ற சொல்லை மறுப்பவர்கூட, ‘ஒரு வாரமாகத் தூங்கவில்லையே, அதற்காவது மருத்துவரைப் பார்க்கலாமா?’ என்றால் சில வேளைகளில் இணங்குவார். முதலில் குடும்ப மருத்துவரிடம் செல்வதும் நல்ல வழியே. உணவில் மாத்திரையை ஒளித்துக் கொடுக்கும் எண்ணம் பலருக்கும் வரும். அது தெரியவரும் நாளில், உண்பதற்கே அவர் அஞ்சுவார்.

அவர் வர மறுத்தால், நீங்கள் மட்டுமாவது குறிப்பேட்டோடு மனநல மருத்துவரைச் சந்தியுங்கள். நோயாளியின் இசைவின்றி அவரைப் பற்றிய விவரங்களை மருத்துவர் உங்களிடம் சொல்லாமல் இருக்கலாம். ஆனால் நீங்கள் சொல்வதைக் கேட்க மருத்துவருக்குத் தடையில்லை. தைராய்டு கோளாறு, வலிப்பு நோய், மூளை அழற்சி, சில மருந்துகள் ஆகியவையும் இதே அறிகுறிகளைத் தரக்கூடும் என்பதால், அதற்கான பரிசோதனைகள் தேவையா என்று கேளுங்கள்.

தற்கொலைப் பேச்சு, தம்மையோ பிறரையோ தாக்கும்படி ஏவும் குரல், உணவையும் நீரையும் அறவே மறுத்தல் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் முன்பதிவுக்குக் காத்திராமல் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். அதுவரை அவரைத் தனியே விடாமல், மாத்திரைகளையும் கூர்மையான பொருள்களையும் அப்புறப்படுத்துங்கள்.

மருந்து பொதுவாகக் குறைந்த அளவில் தொடங்கப்படும். தூக்கக் கலக்கம், உடல் விறைப்பு, ஓரிடத்தில் இருக்க முடியாத தவிப்பு, எடை கூடுதல் ஆகியவை வரக்கூடும். அவற்றைப் பொறுத்துக்கொள்ளும்படி அவரை வற்புறுத்தாமல் மருத்துவரிடம் சொன்னால், அளவையோ மருந்தையோ மாற்ற வழியுண்டு. குணம் தெரிந்தவுடன் தாமாக நிறுத்துவதே நோய் திரும்புவதற்கு முக்கியக் காரணம். இடைவிடாத குறைகூறலும், மூச்சுவிட இடமில்லாத கண்காணிப்பும் நிறைந்த வீட்டில் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுகிறது என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருப்பதால், மருந்தோடு குடும்பத்துக்கான ஆலோசனையையும் கேட்டுப் பெறுங்கள். அவர் தெளிவாக இருக்கும் நாளொன்றில், மறுபடி நோய் தலைதூக்கினால் எந்த அறிகுறி முதலில் தெரியும், அப்போது யாரை அழைக்க வேண்டும், தம்மை எப்படி நடத்த வேண்டும் என்பதை அவரிடமே கேட்டு, அதே குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.