அமெரிக்க வர்த்தக மசோதாச் சண்டை: செய்தி படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2015 ஜூன் 12. வெளிநாட்டுப் போட்டியால் வேலை இழக்கும் தொழிலாளர்களுக்கு உதவித்தொகையும் மறுபயிற்சியும் தரும் திட்டம் ஒன்று அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் ஓட்டுக்கு வந்தது. ஆதரவு 126, எதிர்ப்பு 302. திட்டம் படுதோல்வி. எதிர்த்தவர்களில் 144 பேர் ஜனநாயகக் கட்சிக்காரர்கள். 1962இல் கென்னடி காலத்தில் பிறந்த அந்தத் திட்டத்தைப் பல பத்தாண்டுகளாகக் கட்டிக் காத்ததே அந்தக் கட்சிதான். அதைத் தோற்கடிக்கச் சொல்லிக் கேட்டவை தொழிற்சங்கங்கள். தோற்றுப்போனவரோ அதே கட்சியின் அதிபர் ஒபாமா.

செய்தியாகப் படித்தால் தலை சுற்றும். சுற்றாமல் புரிந்துவிட்டது என்று நினைப்பவர்கள்தான் பெரும்பாலும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். அன்று நானும் அப்படித்தான். வாஷிங்டன் செய்தியையும் நம் மக்களவையைப் பார்த்துப் பழகிய கண்ணோடு படிப்பதுதான் கோளாறு.

முதல் தவறு, மசோதாவையும் ஒப்பந்தத்தையும் ஒன்றாக்குவது. அந்தக் கோடையில் எல்லோர் வாயிலும் இருந்த பெயர் டிபிபி. அமெரிக்கா, ஜப்பான், கனடா, ஆஸ்திரேலியா, வியட்நாம், சிங்கப்பூர், மலேசியா என 12 பசிபிக் நாடுகள் பேசிக்கொண்டிருந்த வர்த்தக ஒப்பந்தம். ஆனால் நாடாளுமன்றத்துக்கு வந்தது அது இல்லை. நாளைக்கு ஒப்பந்தம் முடிவானால் அதை எந்த முறையில் ஓட்டுக்கு விடுவது என்று சொல்லும் மசோதாதான் வந்தது. 'விரைவுப் பாதை' என்பது அதன் செல்லப்பெயர். அடுப்பில் சமையல் முடியவில்லை, அதற்குள் பந்தியில் யார் எங்கே உட்காருவது என்று சண்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தமே அக்டோபர் 5ஆம் தேதிதான் அட்லாண்டாவில் முடிவானது. ஜூன் மாதமே 'டிபிபிக்கு ஒப்புதல்' என்று எழுதியவர்கள் நான்கு மாதம் முந்திக்கொண்டார்கள்.

இப்படி ஒரு மசோதா எதற்கு? இந்தியாவில் ஒன்றிய அரசு பேசும், கையெழுத்திடும், சுங்க வரியைப் பெரும்பாலும் அறிவிக்கை மூலமே மாற்றிவிடும். 2019 நவம்பரில் பாங்காக்கில், ஆசிய-பசிபிக் நாடுகளின் ஆர்செப் வர்த்தக ஒப்பந்தத்தில் சேரமாட்டோம் என்று பிரதமர் மோதி அறிவித்தபோதும் நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்பு எதுவும் நடக்கவில்லை. அமெரிக்காவில் வெளிநாட்டு வர்த்தகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை அரசியல் சட்டம் நாடாளுமன்றத்துக்குக் கொடுத்திருக்கிறது. அதிபர் பேசிவிட்டு வரலாம். சட்டமாக்க வேண்டியது நாடாளுமன்றம். அங்கே உட்கார்ந்திருக்கும் 535 பேரும் ஆளுக்கொரு திருத்தம் போட்டால் என்ன ஆகும்? "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்பவரிடம் எந்த வியாபாரி கடைசி விலை சொல்வார்? அதனால் 1974இல் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். பேச்சுவார்த்தையில் எவையெல்லாம் கிடைக்க வேண்டும் என்று நாடாளுமன்றம் முன்கூட்டியே சொல்லிவிடும். பதிலுக்கு, வரும் ஒப்பந்தத்தைத் திருத்தாமல், குறித்த நாளுக்குள், ஆம் அல்லது இல்லை என்று மட்டும் ஓட்டுப் போடும்.

எதிர்ப்பாளர்கள் இதை 'வெற்றுக் காசோலை' என்றார்கள். மேடைக்கு அது நல்ல வார்த்தை. நடைமுறையில் அவ்வளவு சரியில்லை, ஏனென்றால் விரைவுப் பாதை அவைகள் தமக்குத் தாமே போட்டுக்கொண்ட விதி. 2008 ஏப்ரலில் அதிபர் புஷ் கொலம்பியாவுடனான வர்த்தக ஒப்பந்தத்தை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார். சபாநாயகர் நான்சி பெலோசி அந்தக் காலக்கெடு விதியையே நிறுத்திவைக்கும் தீர்மானம் கொண்டுவந்தார். 224க்கு 195 ஓட்டில் நிறைவேறியது. 2006இல் கையெழுத்தான அந்த ஒப்பந்தம் 2011 அக்டோபரில்தான் நிறைவேறியது. விரைவுப் பாதையில் ஐந்து வருடம்!

அடுத்தது கட்சிக் கணக்கு. நமக்குக் கொறடா உத்தரவு தெரியும், கட்சித் தாவல் தடைச் சட்டம் தெரியும். உறுப்பினர் எப்படி ஓட்டுப் போடுவார் என்று கட்சிப் பெயரை வைத்தே சொல்லிவிடலாம். அமெரிக்காவில் அப்படி ஒரு சட்டம் கிடையாது; வர்த்தக விஷயத்தில் கட்சிக் கட்டுப்பாடு இன்னும் தளர்வு. 2015இல் ஒபாமாவுக்காக மேலவையான செனட்டில் மசோதாவைத் தள்ளிக்கொண்டு போனவர், எதிர்த்தரப்பான குடியரசுக் கட்சியின் செனட் பெரும்பான்மைத் தலைவர் மிட்ச் மெக்கானல். எதிர்த்தவர் ஒபாமா கட்சியின் செனட் தலைவர் ஹாரி ரீட். இதில் ஒன்றும் புதுமையில்லை. 1993இல் அதிபர் கிளின்டன், மெக்சிகோ, கனடாவோடு போட்ட நாஃப்டா வர்த்தக ஒப்பந்தத்தைப் பிரதிநிதிகள் சபையில் நிறைவேற்றியபோது அவருடைய கட்சியில் 102 பேர் ஆதரவு, 156 பேர் எதிர்ப்பு.

எதிர்ப்பாளர்களும் ஒரே முகாம் இல்லை. ஜனநாயகக் கட்சி செனட்டர் எலிசபெத் வாரனுக்கு, அந்நிய முதலீட்டாளர் ஓர் அரசைத் தனி நடுவர் மன்றத்துக்கு இழுக்க வழிசெய்யும் பிரிவு பிடிக்கவில்லை. தொழிற்சங்கங்களுக்கு நாஃப்டா விட்டுப்போன காயம். இன்னொரு பக்கம் குடியரசுக் கட்சி செனட்டர் ஜெஃப் செஷன்ஸ் போன்ற வலதுசாரிகள், ஒபாமா கையில் இவ்வளவு அதிகாரமா என்று கொதித்தார்கள். 'ஒபாமாட்ரேட்' என்று பெயரே வைத்தார்கள். இந்த இரண்டு கூட்டமும் சேர்ந்தால்தான் எண்ணிக்கை வரும். சேர்ந்து நின்றதால் ஒரே காரணத்துக்காக நின்றார்கள் என்று எழுதிவிடக் கூடாது.

சரி, ஜூன் 12க்கு வருவோம். ஓர் ஓட்டை அதன் தலைப்பை வைத்து மட்டும் படிக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. மே 22 அன்று செனட் 62க்கு 37 ஓட்டில் அனுப்பிய மசோதாவில் இரண்டு பகுதிகள் இருந்தன: விரைவுப் பாதை ஒன்று, தொழிலாளர் உதவித் திட்டம் இன்னொன்று. பிரதிநிதிகள் சபையில் அவற்றைப் பிரித்துத் தனித்தனியாக ஓட்டுக்கு விட்டார்கள். விரைவுப் பாதைக்கு ஓட்டுப் போடும் குடியரசுக் கட்சிக்காரர் பலருக்கு உதவித் திட்டம் வீண் செலவு; உதவித் திட்டத்தை விரும்பும் ஜனநாயகக் கட்சிக்காரருக்கு விரைவுப் பாதை ஆகாது. பிரித்துவிட்டால் இருவரும் தமக்குப் பிடித்ததற்கு மட்டும் கை தூக்கலாம், இரண்டும் தேறிவிடும் என்பது கணக்கு. ஒரே ஒரு நிபந்தனை, இரண்டும் தேறினால்தான் மசோதா அதிபர் மேசைக்குப் போகும்.

எதிர்ப்பாளர்கள் பிடித்தது அந்த நிபந்தனையைத்தான். விரைவுப் பாதையை வீழ்த்த ஓட்டு போதாது. ஆனால் உதவித் திட்டத்தை வீழ்த்தப் போதும்! முந்தின நாள் மாலை நாடாளுமன்ற உறுப்பினர்களின் பேஸ்பால் ஆட்டத்துக்கே போய்த் தலைகாட்டிய ஒபாமா, அன்று காலை நேரில் வந்து தம் கட்சியினரிடம் கேட்டுப் பார்த்தார். பயனில்லை. கடைசி நேரத்தில், அப்போது அந்தச் சபையில் அக்கட்சியின் தலைவராக இருந்த பெலோசியும் எதிர்ப்பு என்று அறிவித்தார். உதவித் திட்டம் விழுந்தது. அடுத்த சில நிமிடங்களில் விரைவுப் பாதை 219க்கு 211இல் தேறியும் அந்தரத்தில் நின்றது. 'தொழிலாளர் நலத்தைக் கைவிட்ட ஜனநாயகக் கட்சி' என்று இதற்குத் தலைப்புப் போட்டால், எண்கள் எல்லாம் சரியாக இருக்கும், செய்தி மட்டும் பொய்யாக இருக்கும்.

ஆறே நாளில் ஆட்டம் மாறியது. அதனால்தான் 'தோற்றது' என்ற சொல்லை இந்த விஷயத்தில் அவசரப்பட்டு எழுதக் கூடாது. தீயணைப்பு வீரர், காவல் அதிகாரி போன்ற ஒன்றிய அரசு ஊழியரின் ஓய்வுக்கால நிதி பற்றிய, யாருக்கும் சண்டையில்லாத ஒரு மசோதாவுக்குள் விரைவுப் பாதையை மட்டும் வைத்து, ஜூன் 18 அன்று 218க்கு 208இல் நிறைவேற்றினார்கள். ஜூன் 24 அன்று செனட்டில் 60க்கு 38. உதவித் திட்டம் ஆப்பிரிக்க நாடுகளுக்கான வர்த்தகச் சலுகை மசோதாவோடு ஒட்டிக்கொண்டு மறுநாள் தேறியது. இனி அதை வீழ்த்தி யாருக்கும் லாபமில்லை, அதனால் ஜனநாயகக் கட்சியினர் பழையபடி ஆதரித்தார்கள். 29ஆம் தேதி ஒபாமா கையெழுத்திட்டார்.

'வென்றது' என்ற சொல்லுக்கும் அதே எச்சரிக்கை பொருந்தும். 2016 பிப்ரவரி 4 அன்று ஆக்லாந்தில் டிபிபி கையெழுத்தானது. அமெரிக்க நாடாளுமன்றத்தில் அது ஓட்டுக்கு வரவே இல்லை. 2017 ஜனவரி 23 அன்று டிரம்ப் அமெரிக்காவை விலக்கிக்கொண்டார். மீதி 11 நாடுகள் தங்களுக்குள் புது ஒப்பந்தம் போட்டுக்கொண்டன.

ரகசியம் பற்றியும் ஒரு வார்த்தை. ஒப்பந்த வரைவைப் பொதுமக்கள் பார்க்க முடியாது என்பது அப்போது உண்மை. உறுப்பினர்கள் காவலுள்ள அறையில் படிக்கலாம், எடுத்த குறிப்பை வெளியே கொண்டுபோக முடியாது. ஆனால் கையெழுத்துக்கு 60 நாள் முன்னதாக முழு வாசகத்தையும் பொதுவில் வைக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது இதே விரைவுப் பாதைச் சட்டம். இந்தப் பாதியைப் பலரும் விட்டுவிட்டார்கள்.

இன்னும் ஒன்று, எதிர்ப்பவர் எல்லாம் வர்த்தகத்துக்கே எதிரி என்று முடிவுகட்டுவது. நாஃப்டாவுக்குப் பதிலாக டிரம்ப் கொண்டுவந்த அமெரிக்கா-மெக்சிகோ-கனடா ஒப்பந்தம் 2020 ஜனவரியில் செனட்டில் 89க்கு 10இல் நிறைவேறியது. அது வந்ததும் இதே 2015ஆம் வருட விரைவுப் பாதை வழியாகத்தான். ஜனநாயகக் கட்சியினர் கேட்டு வாங்கிய தொழிலாளர் உரிமை மாற்றங்களுக்குப் பிறகு, 2015இல் எதிர்ப்புக்கு முன்னால் நின்ற தொழிற்சங்கக் கூட்டமைப்பே அதை ஆதரித்தது. செனட்டர்களில் வாரனும் ஷெரட் பிரவுனும் ஆதரவு. பெர்னி சாண்டர்ஸ் எதிர்ப்பு. அந்த விரைவுப் பாதை 2021 ஜூலை 1 அன்று காலாவதியானது. அப்போதிருந்த பைடன் அரசு அதைப் புதுப்பித்துக் கொடுங்கள் என்று நாடாளுமன்றத்திடம் கேட்கவே இல்லை.