பெரிய பம்ப் வாங்கும் முன் ஒரு கேஜ் மாட்டுங்கள்

பவர்போட் எஞ்சினின் சக்தியைக் கூட்டியதும் பலர் முதலில் தேடுவது பெரிய ஃப்யூவல் பம்ப். கொஞ்சம் பொறுங்கள். 500 குதிரைத்திறன் பெட்ரோல் எஞ்சின் முழு த்ராட்டிலில் மணிக்குச் சுமார் 155 லிட்டர் குடிக்கும். டேங்கிலிருந்து வரும் வழி குறுகலாக இருந்தால், பெரிய பம்ப் இழுக்கிற இழுப்பில் பெட்ரோல் ஹோஸுக்குள்ளேயே ஆவியாகும். கலவையில் பெட்ரோல் குறையும், பிஸ்டன் உருகும். செலவு எங்கே போய் நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதனால் பம்புக்குச் சற்று முன்னால், ஹோஸில் உறிஞ்சல் எவ்வளவு என்று காட்டும் ஒரு வேக்யூம் கேஜை மாட்டி, முழு வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். முள் 2 அங்குலப் பாதரச அளவைத் தாண்டினால் வழியில் எங்கோ தடை இருக்கிறது. பெரும்பாலும் அது டேங்க் வாயில், பெட்ரோல் தானாக வழிந்தோடாமல் தடுக்கும் ஆன்டி சைஃபன் வால்வுதான். உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு சின்ன குண்டு, அவ்வளவுதான். சிலர் அந்தக் குண்டைத் தட்டி எடுத்துவிடுகிறார்கள். வேண்டவே வேண்டாம்! ஹோஸ் அறுந்தால் டேங்கிலுள்ள பெட்ரோல் படகின் அடியில் வந்து தேங்கும். பெரிய அளவு வால்வு கிடைக்கிறது, அதைப் போடுங்கள்.

அப்புறம் ஹோஸ். ‘ஏ1-15’ என்று அச்சிட்டது மட்டும்; தீயைத் தாங்கும், பெட்ரோல் ஆவி எளிதில் கசியாத படகு ஹோஸ் அது. கார் கடை ஹோஸ் கூடாது.