கடல் இல்லாத ஊரில் கடல் தொட்டி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிறு சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். மூன்றடி மெரைன் டேங்க். நல்ல லைட், கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் நல்ல ஸ்கிம்மர், எதிலும் கஞ்சத்தனம் இல்லை. ஆனால் கல் முழுக்கப் பச்சைப் பாசி தலைமுடி மாதிரி ஆடுகிறது, பவளங்கள் சுருங்கிக் கிடக்கின்றன. “லைட் நேரத்தைக் குறைச்சுப் பார்த்துட்டேங்கண்ணா, தீனியையும் குறைச்சுட்டேன்” என்றான். பத்து வருடத்துக்கு முன் நான் பேசிய அதே வசனம். தீனி அளவாகப் போடு, தொட்டி வைத்த அன்றே மீன் விடாதே என்பதையெல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார். அவர் சொல்லாததைச் சொல்கிறேன்.

வீட்டு ஆர்ஓ தண்ணீர்

சேலத்து போர் தண்ணீரைத் தொட்டிக்கு ஊற்றக் கூடாது என்பது வாளியில் படிந்த வெள்ளைக் காரையைப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். எங்கள் வீட்டு போரில் டிடிஎஸ், அதாவது லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, 1,100. மேட்டூர் தண்ணீர் பரவாயில்லை என்றால் அதில் குளோரின். சரி, அடுப்படியில்தான் ஆர்ஓ மெஷின் இருக்கிறதே, நாம் குடிப்பதை மீன் குடிக்காதா என்று தோன்றும். எனக்கும் தோன்றியது.

குடிக்கிற மெஷின் சுத்தமான தண்ணீரைத் தருவதில்லை, ருசியான தண்ணீரைத் தருகிறது. மெம்பிரேன் வடிகட்டிய தண்ணீர் சப்பென்று இருக்கும் என்பதால், வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் திரும்பக் கலக்க உள்ளே ஒரு சின்ன ஸ்க்ரூ வைத்திருப்பார்கள். சில மெஷினில் அதற்கு மேல் மினரல் கேட்ரிட்ஜ். இப்போது வருகிற செம்பு மெஷின் இன்னும் மோசம்: தண்ணீரில் செம்பு சேர்ப்பதுதான் அதன் பெருமையே. இறாலுக்கும் நத்தைக்கும் பவளத்துக்கும் அது நஞ்சு.

ஒரு டம்ளருக்கு இதெல்லாம் ஒன்றுமே இல்லை. தொட்டிக் கணக்கு வேறு. ஏப்ரல், மே மாதங்களில் ஃபேன் போட்டால் என் 200 லிட்டர் தொட்டியில் தினம் 4 லிட்டர் ஆவியாகிறது. போவது வெறும் தண்ணீர்தான். அதோடு வந்தது எதுவும் போகாது. மாதம் 120 லிட்டர் ஊற்றுகிறேன், அதில் டிடிஎஸ் லிட்டருக்கு 85 மில்லிகிராம் என்றால் மாதத்துக்கு 10 கிராம் உள்ளே தங்குகிறது. அதில் நைட்ரேட் எவ்வளவு, சிலிகா எவ்வளவு என்று டிடிஎஸ் மீட்டர் பிரித்துச் சொல்லாது. பாஸ்பேட் 0.1 பிபிஎம்மை (லிட்டருக்கு 0.1 மில்லிகிராம்) தாண்டினாலே பாசிக்குக் கொண்டாட்டம்.

இது புரியாமல் ஒன்றரை வருடம் லைட்டை மாற்றினேன், பாஸ்பேட் உறிஞ்சும் பொடி வாங்கினேன், கல்லையெல்லாம் வெளியே எடுத்து பல் பிரஷ்ஷால் தேய்த்தேன். இருபதாயிரத்துக்கு மேல் போயிருக்கும். கடைசியில் விடை வந்தது ஆர்ஓ சர்வீஸுக்கு வந்த பையனிடமிருந்து. மூடியைக் கழற்றி ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே, “போன தடவையே கொஞ்சம் ஏத்தி வெச்சுட்டுப் போனேன் சார், டேஸ்ட் வரணும்ல” என்றான். பையன் மேல் கோபமில்லை, அவன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறான். முந்நூறு ரூபாய் மீட்டரை ஒரு தடவை குழாயில் நீட்டிப் பார்க்காத என் மேல்தான் எரிச்சல். இன்றும் அடங்கவில்லை.

ஸ்க்ரூவை முழுக்க மூடினாலும் போதாது. 1,100 உள்ளே போனால் நல்ல மெம்பிரேனிலிருந்தே முப்பது நாற்பது வெளியே வரும். தொட்டிக்கென்று தனியாக ஒரு லைன் பிரித்து, கடைசியில் மிச்ச உப்பையும் உறிஞ்சிக்கொள்ளும் டிஐ ரெசின் குழாய் மாட்டுங்கள். மீட்டர் 0 காட்ட வேண்டும். 3, 4 என்று ஏறத் தொடங்கினால் ரெசின் தீர்ந்துவிட்டது. கேன் தண்ணீரும் குடிக்கிற தண்ணீர்தான், அதிலும் மீட்டரை விட்டுப் பாருங்கள்.

தம்பி வீட்டு ஆர்ஓ தண்ணீரில் மீட்டரை விட்டுப் பார்த்தோம். 92.

ஆவியானதற்கு உப்புத் தண்ணீர்

ஊற்றாதீர்கள். உப்பு ஏறிக்கொண்டே போகும். உப்பின் அளவு 35 பிபிடி, அதாவது ஆயிரத்துக்கு 35 பங்கு.

தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் மெஷினை அலமாரிக்குள் வைப்பது

தொட்டியிலிருந்து எடுத்த சூட்டை சில்லர் தன் பின்பக்கம் ஊதுகிறது. கதவை மூடி வைத்தால் அதே சூட்டையே திரும்பத் திரும்ப இழுத்து, நாள் முழுக்க ஓடி, கரண்ட் பில்லைத்தான் ஏற்றும். காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். தண்ணீர் 25, 26 டிகிரியில் நின்றால் போதும், 30ஐத் தாண்டி நாள்கணக்கில் இருந்தால் பவளம் வெளுக்கும். ஏற்காட்டில் தொட்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்கு சில்லர் செலவே கிடையாது. மார்கழியில் ஹீட்டர் போடுகிறார். வயிறு எரிகிறது.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை

இன்வெர்ட்டரில் ஃபேனுக்கும் டிவிக்கும் முன்னால், தொட்டித் தண்ணீரை ஓட வைக்கும் வேவ் மேக்கரை மாட்டுங்கள்.

வெள்ளைப் புள்ளிக்குச் செம்பு மருந்து

மீனுக்கு வரும் இந்த நோய்க்கு மருந்து, மீனை வேறு தொட்டிக்கு மாற்றிய பிறகு மட்டும். மேலே சொன்ன அதே செம்பு நஞ்சுதான்.

ராமேஸ்வரத்துக் கல்

“கோயிலுக்குப் போறோம், அப்படியே தொட்டிக்கு ரெண்டு பவளக் கல் எடுத்துட்டு வரட்டுங்களா?” என்று வருடத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கரையில் ஒதுங்கிய செத்த துண்டாக இருந்தாலும் வழக்குதான். தீர்த்தமாடிவிட்டுக் கையை வீசிக்கொண்டு வாருங்கள்.