ஈரக் காற்றில் பிலிம் கேமரா: தோட்டப்புறத்தில் தேடுவதும் காப்பதும் படமெடுப்பதும்

பழைய பிலிம் கேமராவைத் தேடி வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, எந்த மாடல் நல்லது என்பதைத்தான். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டைப் போன்ற தோட்டப்புற நகரத்தில் குடியிருப்பவர் அதற்கும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தக் கேமரா இத்தனை ஆண்டுகளாக எங்கே, எப்படி வைக்கப்பட்டிருந்தது? நம் நாட்டுக் காற்றில் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. லென்ஸில் பூஞ்சை பிடிக்க அதுவே போதும். ஆகவே வாங்குவது, காப்பது, படமெடுப்பது, பிலிம் கழுவுவது ஆகிய எல்லாவற்றிலும் ஈரத்தையும் வெப்பத்தையும் மனத்தில் வைத்தே முடிவெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கேமரா கிடைக்கும் இடங்கள் பல. ஈப்போவில் ஞாயிறு காலை கூடும் பழம்பொருள் சந்தையிலும், பெட்டாலிங் ஜெயாவின் அம்கார்ப் மாலில் வார இறுதியில் நடக்கும் சந்தையிலும் தேடலாம். ஆனால் நம் பக்கத்தில் நல்ல கேமராக்கள் பல இன்னும் சந்தைக்கே வரவில்லை. ஓய்வு பெற்ற தோட்டக் கிராணிமார் (எழுத்தர்கள்), மருத்துவமனை டிரசர்கள் (மருத்துவ உதவியாளர்கள்), தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் ஆகியோரின் வீட்டு அலமாரிகளிலும், மூடப்பட்ட ஸ்டூடியோக்களின் பின்னறைகளிலும் அவை கிடக்கின்றன. அப்படிப்பட்ட வீட்டுக்குச் செல்லும்போது, தெரிந்தவர் ஒருவர் மூலமாகச் சொல்லி அனுப்பிவிட்டுச் செல்லுங்கள். பொருளைத் தொடுவதற்கு முன் வீட்டுப் பெரியவரிடம் அதன் கதையைக் கேளுங்கள். எப்போது வாங்கியது, கடைசியாக எப்போது பிலிம் போட்டது, எந்த அலமாரியில் இருந்தது என்ற விவரமெல்லாம் அந்தப் பேச்சிலேயே தெரிந்துவிடும். குடும்பத்திடமிருந்து வாங்கும் பொருளுக்குச் சந்தையில் பேரம் பேசுவதுபோல் அடித்துப் பேசுவது முறையாகாது. உள்ளே பாதி எடுத்த பிலிம் இருக்கிறதா என்றும் பாருங்கள்: பின்கதவைத் திறக்காமல், ரிவைண்ட் பிடியை மெதுவாகத் திருப்பிப் பார்த்தால், பிலிம் இருக்கும்போது இழுவை தெரியும்.

முதல் கேமராவாக, மின்கலம் இல்லாமலும் ஷட்டர் (பிலிம்மீது ஒளி விழும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் திரை) இயங்கும் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. 1976 முதல் 1997 வரை தயாரிக்கப்பட்ட பென்டாக்ஸ் கே1000 அத்தகையது; அதன் ஒளிமானிக்கு மட்டும்தான் மின்கலம் வேண்டும். அந்த ஒளிமானிக்கு அணைக்கும் பொத்தான் கிடையாது என்பதால், எடுக்காத நேரத்தில் லென்ஸ் மூடியைப் போட்டு வைத்தால்தான் மின்கலம் வீணாகாமல் இருக்கும். சிறிய கேமரா வேண்டுவோருக்கு 1967இல் வெளிவந்த ஒலிம்பஸ் டிரிப் 35 பொருத்தமானது. லென்ஸைச் சுற்றியுள்ள செலினியம் வளையமே ஒளியை அளந்துவிடுவதால் அதற்கு மின்கலமே தேவையில்லை. அந்தச் செலினியம் உயிரோடு இருக்கிறதா என்று அறிவதும் எளிது. ஒளி நுழையும் துளையின் அளவை மாற்றும் அப்பர்ச்சர் வளையத்தை ‘ஏ’ (தானியங்கி) நிலையில் வைத்து, லென்ஸைக் கையால் முழுவதும் மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினால், வியூஃபைண்டரில் சிவப்புத் தகடு எழும்ப வேண்டும், ஷட்டர் இயங்காமல் நிற்க வேண்டும், கையை எடுத்து வெளிச்சத்தை நோக்கி அழுத்தினால் ஷட்டர் இயங்க வேண்டும். 1966இல் வந்த யாஷிகா எலெக்ட்ரோ 35இன் லென்ஸ் அருமையானது, ஆனால் அது மின்னணுச் சுற்றை நம்பியிருக்கிறது. கேனன் ஏஇ-1க்கும் 6 வோல்ட் மின்கலம் இல்லாமல் ஷட்டர் விழாது. இவ்விரண்டும் தவறான தேர்வுகள் அல்ல. ஆனால் ஈரத்தில் கம்பி இணைப்புகள் துருவேறியிருக்கலாம் என்பதால், மின்கலத்தைப் போட்டு இயக்கிக் காட்டாமல் எவர் விற்றாலும் வாங்க வேண்டாம்.

இன்னொரு செய்தியையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் வந்த பல கேமராக்கள் 1.35 வோல்ட் பாதரச மின்கலத்துக்காக வடிவமைக்கப்பட்டவை, அவை இப்போது விற்பனையில் இல்லை. அதே அளவில் கிடைக்கும் 1.5 வோல்ட் ஆல்கலைன் மின்கலத்தைப் போட்டால் ஒளிமானி தவறாகக் காட்டும். காது கேட்கும் கருவிக்காக மருந்தகங்களில் விற்கப்படும் 675 அளவு துத்தநாகக் காற்று மின்கலம் 1.4 வோல்ட் தருவதால் அதற்கு நல்ல மாற்றாகும்.

இனி, கையில் எடுத்த கேமராவைச் சோதிக்கும் முறையைப் பார்ப்போம். இதற்குக் கைப்பேசியின் விளக்கு ஒன்றே போதும். லென்ஸைக் கழற்ற முடிந்தால் கழற்றி, அப்பர்ச்சரை முழுவதும் திறந்து, பின்புறத்திலிருந்து விளக்கைச் சாய்வாகக் காட்டி முன்புறமாகப் பாருங்கள். நேராகக் காட்டினால் எந்தக் குறையும் தெரியாது. சிலந்தி நூல் போலக் கிளை விட்டுப் பரவியிருப்பது பூஞ்சை. கண்ணாடி முழுவதும் சீராக மங்கியிருந்தால் அது உள்ளே படிந்த ஆவிப்படலம். ஓரத்தில் சிறிதளவு பூஞ்சை இருந்தால் படத்தில் பெரும்பாலும் தெரியாது, விலையைக் குறைத்து வாங்கலாம். நடுவில் பரவியிருந்தால், சுத்தம் செய்த பிறகும் கண்ணாடியின் மேற்பூச்சு அரிக்கப்பட்டிருக்கும் என்பதால் அதை விட்டுவிடுங்கள். பிறகு அப்பர்ச்சர் வளையத்தைத் திருப்பி இதழ்களைக் கவனியுங்கள். அவற்றில் எண்ணெய் பளபளத்தால், வெப்பத்தில் கிரீஸ் உருகி இறங்கியிருக்கிறது என்று பொருள்.

அடுத்து ஷட்டர். ஒரு வினாடி வேகத்தில் வைத்து அழுத்திக் காதருகே கேளுங்கள். பாதியில் தயங்கி நின்று மூடினால் உள்ளே மசகு எண்ணெய் இறுகிவிட்டது. அரை வினாடி, கால் வினாடி என்று ஒவ்வொன்றாகக் கேட்டால், முந்தையதில் பாதி நேரம் என்பது காதுக்கே புலப்பட வேண்டும். பின்கதவைத் திறந்து, வெளிச்சம் விழும் வெள்ளைச் சுவரை நோக்கி 1/1000 வேகத்தில் அழுத்தும்போது, சட்டம் முழுவதும் ஒளி மின்ன வேண்டும்; ஒரு பக்கம் இருட்டாகத் தெரிந்தால் இரண்டு திரைகளும் ஒரே வேகத்தில் ஓடவில்லை. துணித்திரை உள்ள கேமராவை இருட்டறைக்குள் கொண்டுசென்று, லென்ஸைக் கழற்றிய பக்கத்திலிருந்து விளக்கைப் பிடித்து, பின்பக்கமாக ஊசித்துளை தெரிகிறதா என்றும் பாருங்கள். பின்கதவின் பள்ளங்களில் ஒட்டியிருக்கும் கறுப்பு நுரை பிசுபிசுவென்று விரலில் ஒட்டுவது மட்டுமே குறை என்றால் கவலை வேண்டாம், புதிய நுரைப்பட்டையை நீங்களே வெட்டி ஒட்டிவிடலாம்.

வாங்கிய கேமராவை வைக்கும் இடம் முக்கியமானது. அதனோடு வந்த தோலுறை எவ்வளவு அழகாக இருந்தாலும், கேமராவை அதற்குள் வைத்து மூடி வைக்காதீர்கள்; தோல் ஈரத்தை உறிஞ்சிப் பூஞ்சையை வளர்க்கும். தகரக்கூரைக்குக் கீழே உள்ள மேல்தட்டும் சமையலறையை ஒட்டிய அலமாரியும் ஆகா. துணி அலமாரியில் வைப்பவர்கள் பூச்சிக்காகப் போடும் பாச்சை உருண்டையையும் கற்பூரத்தையும் அருகில் வைக்கவே கூடாது என்று கேமரா நிறுவனங்களின் கையேடுகளே எச்சரிக்கின்றன. மின்சார உலர்பெட்டி வாங்க வசதியுள்ளவர்கள் அதை வாங்கலாம். மற்றவர்களுக்கு, ரப்பர் வளையம் பொருத்திய பெரிய உணவு டப்பாவும், சிலிக்கா ஜெல்லும், ஓர் ஈரமானியும் போதும். ஈரமானி 40 முதல் 50 விழுக்காடு காட்ட வேண்டும். அதைவிட மிகவும் காய்ந்தால் மசகு எண்ணெய்க்கும் தோலுக்கும் கேடு. நீல நிறச் சிலிக்கா ஜெல்லில் நச்சுத்தன்மையுள்ள கோபால்ட் உப்பு சேர்ந்திருப்பதால், ஆரஞ்சு நிறத்தைக் கேட்டு வாங்குங்கள். அது பச்சையாக மாறியதும், சமையலுக்குப் பயன்படாத பழைய சட்டி ஒன்றில் மிதமான சூட்டில் வறுத்து மறுபடியும் பயன்படுத்தலாம். வாரம் ஒரு முறை கேமராவை எடுத்து, எல்லா வேகத்திலும் ஷட்டரை இயக்கி, லென்ஸுக்குச் சிறிது வெளிச்சம் காட்டுங்கள். சும்மா கிடக்கும் கேமராவில்தான் பூஞ்சை பிடிக்கிறது.

பிலிம் சுருளைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம், ஆனால் எடுத்தவுடன் டப்பாவைத் திறக்கக் கூடாது. ஒரு மணி நேரமாவது வெளியில் வைத்து அறை வெப்பத்துக்கு வந்த பிறகே திறக்க வேண்டும், இல்லையேல் பிலிம்மீது நீர் கோத்துக்கொள்ளும். குளிர்சாதன அறையிலிருந்து கேமராவை வெளியே கொண்டுவரும்போதும் இதே விதிதான். படம் எடுத்து முடித்த சுருளை மோட்டார் சைக்கிள் இருக்கையின் கீழே உள்ள பெட்டியில் போடாதீர்கள்; வெயிலில் நிற்கும் வண்டியின் அந்தப் பெட்டியைப்போல் பிலிமைக் கெடுக்கும் இடம் வேறில்லை. எடுத்த சுருளை மாதக்கணக்கில் வைத்திருக்காமல் விரைவில் கழுவக் கொடுத்துவிடுங்கள்.

தோட்டத்தில் படமெடுக்கும்போது ஒளியை அளப்பதுதான் மிகப் பெரிய வேலை. திறந்த வெயிலில் கணக்கு எளிது: அப்பர்ச்சரை எஃப் 16இல் வைத்து, ஷட்டர் வேகத்தைப் பிலிமின் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) எண்ணுக்கு நெருக்கமாக, அதாவது 200க்கு 1/250 என்றும் 400க்கு 1/500 என்றும் வைத்தால் சரியாக வரும். முதிர்ந்த செம்பனை மரங்களின் அடியில் நுழைந்ததும் இந்தக் கணக்கு உடைந்துவிடும், ஏனெனில் அங்கே ஒளி ஐந்து, ஆறு படிகள் குறைகிறது (ஒரு படி குறைவது என்றால் ஒளி பாதியாவது). ஐஎஸ்ஓ 400 பிலிமுக்கு எஃப் 4, 1/125 என்று அங்கே தொடங்கலாம். மட்டைகளுக்கிடையே தெரியும் வானத்தை ஒளிமானி பார்த்துவிட்டால் ஆட்கள் அனைவரும் கறுத்துப்போவார்கள் என்பதால், கேமராவைத் தரையை நோக்கித் தாழ்த்தி அளந்துகொண்டு, பிறகு நிமிர்த்தி எடுங்கள். செம்பனை நிழலில் முகங்களில் பச்சைச் சாயல் ஏறும். ஆகையால் வண்ணப் பிலிமுக்கு மண்சாலை ஓரத்தையும் குலைகளை அடுக்கும் திறந்தவெளியையும் தேர்ந்தெடுத்து, மரங்களுக்கு நடுவே கறுப்பு வெள்ளைப் பிலிமைப் பயன்படுத்துவதே என் வழக்கம். ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு விடிவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. அந்த நேரத்துக்கு இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ் போன்ற 400 பிலிமை 1600 என்று கருதி எடுத்து, கழுவும் இடத்தில் அதைச் சொல்லிவிட வேண்டும். எஃப் 2, 1/30 என்ற அளவில் கை நடுங்காமல் மரத்தில் சாய்ந்து நின்று எடுத்தால், வெட்டுபவரின் தலைவிளக்கிலிருந்து மரத்தின் வெட்டுக்கோட்டில் விழும் ஒளியும் அவர் முகமும் ஒருசேரக் கிடைக்கும்.

ஒளிமானி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எடுத்துக்கொள்கிறது. கோயிலில் வெள்ளை வேட்டியும் பள்ளியில் வெள்ளைச் சீருடையும் சட்டத்தை நிறைத்திருந்தால், அது சொல்வதைவிட ஒன்று முதல் இரண்டு படி கூடுதலாக ஒளி கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் முகம் இருண்டுவிடும். எல்லா இடத்துக்கும் பொருந்தும் வழி, உங்கள் உள்ளங்கையை ஆட்கள் நிற்கும் அதே ஒளியில் நீட்டி அளந்து, அதிலிருந்து ஒரு படி கூடுதலாகத் திறப்பது. மேனி நிறம் எதுவானாலும் உள்ளங்கையின் நிறம் அவ்வளவாக மாறுவதில்லை. சந்தேகம் வரும்போது நெகட்டிவ் பிலிமுக்குக் கூடுதலாகவே கொடுங்கள். அது மிகுதியைத் தாங்கும், குறைவைத் தாங்காது.

வண்ணப் பிலிமைத் தபாலில் கோலாலம்பூருக்கோ பினாங்குக்கோ அனுப்பிக் கழுவலாம். கறுப்பு வெள்ளையை வீட்டிலேயே கழுவுவது சிக்கனமும் மனநிறைவும் தரும் வேலை. ஆனால் நம் குழாய்த் தண்ணீர் 28 பாகை செல்சியஸை ஒட்டியிருக்க, படத்தை வெளிக்கொணரும் டெவலப்பர் கரைசலுக்கான நேரங்கள் 20 பாகைக்குக் கணக்கிடப்பட்டவை. 20க்கு இறக்கப் போராட வேண்டியதில்லை. பனிக்கட்டி போட்ட வாளியில் பாட்டில்களை நிறுத்தி 23 பாகைக்குக் கொண்டுவந்து, நேரத்தை முக்கால் பங்காக்கினால் போதும்: எச்பி5 பிளஸை ஐடி-11 என்ற டெவலப்பர் கரைசலில் ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் சேர்த்துக் கழுவ 20 பாகையில் 13 நிமிடம் என்றால், 23 பாகையில் ஏறத்தாழ பத்து நிமிடம். நேரம் ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் கறை கறையாக வரும் என்பதால்தான் நீர்த்த கரைசலைச் சொல்கிறேன். படத்தை நிலைநிறுத்தும் ஃபிக்ஸரும் அலசும் தண்ணீரும் அதே வெப்பத்தில் இருக்க வேண்டும். பிலிமைக் கழுவும் தொட்டியின் ரீலில் ஏற்றுவதற்கு முன் ரீலை நன்றாகக் காயவைத்து, கையில் வியர்வை இல்லாமல் துடைத்துக்கொள்ளுங்கள். குளித்து முடித்த ஈரக் குளியலறையில் இந்த வேலையைச் செய்தால் பிலிம் பாதியில் ஒட்டிக்கொள்ளும்.

நெகட்டிவ்களை அமிலமற்ற காகித உறைகளில் போட்டு, கேமராவோடு அதே உலர்ந்த டப்பாவில் வையுங்கள். பழைய ஸ்டூடியோ நெகட்டிவ்கள் கிடைத்தால் முதலில் முகர்ந்து பாருங்கள். புளித்த காடி வாடை அடித்தால் அசிடேட் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது, அதை மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்து உடனே ஸ்கேன் செய்ய வேண்டும். உறையின் ஓரத்தில், நெகட்டிவ்மேல் அழுந்தாதபடி, உள்ளே போடுவதற்கு முன்பே பென்சிலால் தேதியையும், தோட்டத்தின் பெயரையும், தோட்டத்தின் எந்த டிவிஷன் (பிரிவு) என்பதையும், படத்தில் இருப்பவர்களின் பெயர்களையும் எழுதுங்கள். தோட்டங்கள் கைமாறிப் பெயர் மாறுவதால், பழைய பெயர் தெரிந்தால் அதையும் பக்கத்தில் எழுதி வையுங்கள்.