அந்தக் காந்தம் அடுக்கிலிருந்துதான் வருகிறதா?

டோபாலஜிகல் பொருள்களின், அதாவது உள்ளே கடத்தாமல் மேற்பரப்பில் மின்சாரம் கடத்தும் பொருள்களின், அடுக்குப் படலங்களில் காந்தத்தை அளக்கத் தொடங்கும் மாணவர்கள் முதலில் சறுக்கும் இடம் இடுக்கிதான்.

மாங்கனீசு பிஸ்மத் டெலூரைடை எடுத்துக்கொள்ளுங்கள். 5 மி.மீ. சதுர சஃபயர் தட்டில் அதன் ஓர் அடுக்கு, அதாவது ஏழு அணுத்தளங்கள் கொண்ட 1.36 நானோமீட்டர். அதிலுள்ள மாங்கனீசு முழுவதும் ஒரே பக்கம் திரும்பினாலும் கிடைப்பது ஒரு இ.எம்.யு.வில் (காந்தத் திருப்புத்திறனின் அலகு) பத்து லட்சத்தில் 7 பங்குதான். 16 மைக்ரான் பக்கமுள்ள ஓர் இரும்புத் துணுக்கும் இதே அளவு தரும். தலைமுடியின் தடிமனில் கால்வாசிகூட இல்லை. ஸ்டீல் இடுக்கி தட்டின் ஓரத்தில் ஒருமுறை உரசினால் போதும். பிளாஸ்டிக் அல்லது டைட்டானியம் இடுக்கியே பிடியுங்கள். இந்தப் பொருளின் காந்த ஒழுங்கு சுமார் 25 கெல்வினில் மறைந்துவிடும். 300 கெல்வினிலும் லூப் (காந்தப் புலத்தை ஏற்றும்போதும் இறக்கும்போதும் கோடு பிரிந்து உண்டாகும் வளையம்) தெரிந்தால் முதல் சந்தேகம் துணுக்கின் மேல் விழட்டும்.

அடுத்தது தட்டு. அரை மி.மீ. தடிமனுள்ள சஃபயர் 1 டெஸ்லா காந்தப் புலத்தில் எதிர்த்திசையில் தருவது அந்த ஓரடுக்கின் சிக்னலைப்போல் ஏறக்குறைய 25 மடங்கு. அதனால் அதிகப் புலத்தில் நேர்கோடு போட்டுக் கழிக்கிறார்கள். ஆனால் இந்தப் பொருளில் ஸ்பின்கள் (அணுக்களின் குட்டிக் காந்தங்கள்) 3.5 டெஸ்லா வாக்கில் புரண்டு, சுமார் 8 டெஸ்லா வரை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஒன்றுசேரும். 5 டெஸ்லாவில் சரிவை எடுத்தால் படலத்தின் சொந்தச் சிக்னலும் கழிந்து போகும். அதே வேஃபரில் வெட்டி, அதேபோல் கழுவி, அதேபோல் சூடாக்கிய வெறுந்தட்டைத் தனியே அளந்து கழிப்பதே நேர்வழி.

உயரத்தை அளந்து அடுக்கை எண்ணுவதிலும் கவனம் வேண்டும். ஒற்றைப்படையில் காந்தம் மிஞ்சும், இரட்டைப்படையில் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். ஓர் அடுக்கு தப்பினால் முடிவே தலைகீழ். சென்னைக் காற்றின் ஈரத்தில், முக்கியமாக ஐப்பசி, கார்த்திகையில், சிலிக்கான் தட்டுக்கும் அதன்மேல் ஒட்டிய மெல்லிய படிகத் துண்டுக்கும் நடுவே நீர்ப்படலம் தங்கி உயரத்தைக் கூட்டிக் காட்டும். தட்டிலிருந்து அளக்காமல் துண்டின் மேலேயே படிக்குப் படி அளங்கள். ஒளி மாறுபாட்டோடு ஒப்பிடுங்கள். குளோவ் பாக்ஸுக்கு (காற்றும் ஈரமும் புகாத கையுறைப் பெட்டி) வெளியே வைத்தால் மேலடுக்கு ஆக்சைடாகும். அப்போது ஐந்தடுக்கு காந்தக் கணக்கில் ஐந்தாக நிற்காது.

ஹால் வரைபடம் (மின்னோட்டத்துக்குக் குறுக்கே எழும் மின்னழுத்தம் புலத்தோடு மாறுவதைக் காட்டுவது) வளைந்தாலே, அது பொருளின் சொந்தக் காந்தத்தால் வரும் அசாதாரண ஹால் விளைவு என்று எழுதிவிடாதீர்கள். எலக்ட்ரானும் துளையும் சேர்ந்து ஓடினாலும் அதே வளைவு வரும். புலத்தை ஏற்றும்போதும் இறக்கும்போதும் கோடு பிரிகிறதா, வெப்பம் ஏறினால் அந்தப் பிளவு மூடுகிறதா என்று பாருங்கள். ஹால் அளவீட்டில் கலந்துவிடும் சாதாரண மின்தடையை நீக்கும்போது, ஏறும் கோட்டின் +B புள்ளியை இறங்கும் கோட்டின் −B புள்ளியோடு ஜோடி சேர்க்க வேண்டும். ஒரே கோட்டுக்குள் ஜோடி போட்டால் லூப் காணாமலே போகும்.

காந்தப் படலத்தை மேலே வைத்தால் அடியிலுள்ள பொருளும் காந்தமாகிவிடும் என்று முன்கூட்டியே நம்புவதும் ஆபத்து. யூரோப்பியம் சல்ஃபைடு தனியாக 16.5 கெல்வின் வரைதான் காந்தம். பிஸ்மத் செலினைடோடு சேர்ந்த இடைமுகத்தில் அது அறை வெப்பம் வரை நீள்கிறது என்று 2016-ல் அறிவிப்பு வந்தது. பிறகு எக்ஸ்-கதிரால் ஒவ்வொரு தனிமமாகத் தேடியவர்கள், பிஸ்மத் செலினைடுக்குள் தூண்டப்பட்ட காந்தம் எதையும் பார்க்கவில்லை. மொத்தக் காந்தத்தை மட்டும் அளக்கும் கருவிக்கு அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று சொல்லத் தெரியாது.