கரண்ட் போய் வந்ததும் விண்டோஸ் வரவில்லையா? அவசரப்பட்டு ஃபார்மட் பண்ணாதீர்கள்

ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வரும். அப்புறம் பழைய கம்ப்யூட்டரைப் போட்டால் கறுப்புத் திரையில் பூட் டிவைஸ் இல்லை, அதாவது விண்டோஸைத் தொடங்க டிஸ்க் கிடைக்கவில்லை என்று நிற்கும். என்னுடையதையும் ஒரு கடையில் ஃபார்மட் பண்ணியே, அதாவது டிஸ்க்கில் உள்ளதை எல்லாம் அழித்தே ஆக வேண்டும் என்றார்கள், மகளின் படங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன, நல்லவேளை நான் கொடுக்கவில்லை.

சுவிட்சை அழுத்தியதும் முதலில் ஓடுவது விண்டோஸ் இல்லை, மதர்போர்டு என்ற முக்கிய சர்க்கிட் பலகையில் இருக்கும் பயோஸ் என்ற சிறு புரோகிராம். அது ரேம் என்ற தற்காலிக நினைவகம், கீபோர்டு எல்லாம் சரியா என்று பார்த்துவிட்டு, எந்த டிஸ்க்கில் தேட வேண்டும் என்ற வரிசைப்படி போய் பூட் லோடரை எடுக்கும், அதுதான் விண்டோஸை ரேமுக்குள் ஏற்றும். பழைய போர்டுகளில் அந்த வரிசையையும் நேரத்தையும் காப்பது காசு மாதிரி இருக்கும் சிஆர் 2032 பெட்டரி. அது தீர்ந்திருந்தால் கரண்ட் போனதும் எல்லாம் மறந்துவிடும்.

கம்ப்யூட்டரைப் போட்டவுடன் டெலீட் (Del) அல்லது எஃப்2 கீயைத் தட்டித் தட்டி பயோஸ் செட்டிங்ஸுக்குள் போய்த் தேதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் போயிருந்தால் பெட்டரிதான் காரணம். பிளக்கைக் கழற்றிவிட்டுப் புதிய 3 வோல்ட் பெட்டரியை, எழுத்துள்ள பக்கம் மேலே இருக்கும்படி போடுங்கள். பிறகு தேதியைச் சரிசெய்து, விண்டோஸ் உள்ள டிஸ்க்கை முதலாவதாக வைத்து, எஃப்10 அழுத்திச் சேமியுங்கள். டிஸ்க்கின் பெயரே அங்கே தெரியாவிட்டால் அதன் கேபிளைக் கழற்றி மறுபடி இறுக்கிப் பாருங்கள்.