சினிமாப் பாட்டுக் காதோடு கச்சேரிக்குப் போவது எப்படி?

"சினிமாப் பாட்டு கேட்டுக் கெட்டுப்போன காது" என்று ஒரு சபாவில் பக்கத்து இருக்கைப் பெரியவர் என்னைச் சொன்னார். ஆலாபனை (வார்த்தைகள் இல்லாமல் ராகத்தை விரித்துப் பாடுவது) நடுவே "கண்கள் இரண்டால் மாதிரி இருக்குடா" என்று நண்பனிடம் கிசுகிசுத்தது அவர் காதில் விழுந்துவிட்டது. ஆனால் நான் சரியாகத்தான் பிடித்திருந்தேன், அது ரீதிகௌளை ராகம். அந்தக் காதோடேயே மார்கழிக் கச்சேரிக்குப் போங்கள் என்பதுதான் என் கட்சி.

முதலில் ஒரே ஒரு ராகம் போதும். ரீதிகௌளையையே எடுத்துக்கொள்ளுங்கள். கவிக்குயில் படத்தில் பாலமுரளிகிருஷ்ணா பாடிய 'சின்னக் கண்ணன் அழைக்கிறான்', முதல்வனில் 'அழகான ராட்சசியே', அப்புறம் சுப்பிரமணியபுரத்தின் 'கண்கள் இரண்டால்', மூன்றையும் ஒரு வாரம் மாற்றி மாற்றிக் கேளுங்கள். பிறகு வார்த்தைகளை விட்டுவிட்டு மெட்டை மட்டும் முணுமுணுத்துப் பாருங்கள். மேலே ஏறும்போது நிஷாதத்தில் ('நி' ஸ்வரம்) இரண்டு முறை நின்று அழுத்திவிட்டு ஷட்ஜத்தைத் ('ஸ') தொடும் ஒரு பிடி, அதாவது ஒரு சின்ன ஸ்வரக் கோவை, இருக்கும். அதுதான் இந்த ராகத்தின் முகம், அது ஒருமுறை மனதில் ஒட்டிக்கொண்டால் வயலின் வாசிப்பில் வந்தாலும் சட்டென்று தெரிந்துவிடும். அடுத்து சுப்பராய சாஸ்திரியின் 'ஜனனி நின்னுவினா' கேளுங்கள். தாளம் மிஸ்ர சாபு, ஏழு எண்ணிக்கை: தகிட தகதிமி. தெலுங்கு புரியவில்லையா, பரவாயில்லை, ராகம் தெரிந்த முகமாகத்தான் இருக்கும்.

சரி, இப்போது கச்சேரி. பல சபாக்களில் பகல் கச்சேரிகளுக்கு டிக்கெட் கிடையாது, பெரும்பாலும் இளம் கலைஞர்கள் பாடுவார்கள், அங்கிருந்து தொடங்குங்கள். வர்ணம் (தொடக்க உருப்படி), சின்னச் சின்ன கிருதிகள் (கர்நாடக சங்கீதப் பாட்டுகள்), நடுவில் விரிவான ஆலாபனையோடு பிரதானமான உருப்படி, தனி ஆவர்த்தனம் (தாள வாத்தியம் மட்டும் ஒலிக்கும் பகுதி), கடைசியில் துக்கடாக்கள் (சின்ன, லேசான பாட்டுகள்), மங்களம் (நிறைவுப் பாட்டு), இதுதான் வழக்கமான வரிசை. தனி ஆவர்த்தனத்தில் எழுந்து போகாதீர்கள், மிருதங்கக்காரர் அதுவரை அடுத்தவருக்காக வாசித்தவர், இப்போதுதான் அவருடைய நேரம்.

யாராவது "இது சினிமா இல்லை" என்று முறைத்தால் தயங்க வேண்டாம். கவிக்குயில் வந்தது 1977-இல், பாலமுரளிகிருஷ்ணாவுக்கு சென்னை மியூசிக் அகாடமி தன் சங்கீத கலாநிதி விருதைக் கொடுத்தது அடுத்த ஆண்டே. 1968-இல் அதைப் பெற்ற எம்.எஸ். சுப்புலட்சுமியும் சகுந்தலையாகவும் மீராவாகவும் திரையில் நடித்தவர்தானே!

ரீதிகௌளை பிடிபட்டதும் அடுத்தது சாருகேசி. 'மன்மத லீலையை' பாட்டிலிருந்து தொடங்குங்கள். 1944-இல் ஹரிதாஸ் படத்துக்காக அதை எழுதிய பாபநாசம் சிவனின் கிருதிகளைத்தான் இன்றைக்கும் மேடை மேடையாகப் பாடுகிறார்கள்.